இங்கே யார் வந்தார் என்று சொல்வதில்லை

டிஸ்பென்சரிகளில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியது அதிகம் இல்லை. குளிசையைக் கடதாசியில் மடிப்பது, நோயாளி வீட்டிலிருந்து கொண்டுவரும் போத்தலைக் கொதிநீரில் அலசுவது, புண்ணில் ஒட்டிய துணியை நோகாமல் எடுப்பது எல்லாவற்றையும் சில கிழமைகளில் பழகிவிடுவீர்கள். கை கெதியில் பழகும். வாய் பழகுவதற்குத்தான் காலம் எடுக்கும். என் வாய் நன்றாகப் பழகிவிட்டது என்று நான் நம்பியிருந்த காலத்தில்தான் அதற்குப் பெரிய சோதனை வந்தது. அதை எழுதிவைக்கச் சொல்லி உங்களில் சிலர் கேட்டீர்கள். நான் இப்போது வேலையில் இல்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

நான் வேலை செய்தது கொக்குவிலில், ரயில் பாதைக்குக் கிட்ட. எண்பத்து மூன்று கலவரத்தில் கொழும்பிலிருந்து கப்பலில் வந்து இறங்கிய டொக்டர் ஒருவர், தன் தாய்வழி வீட்டின் முன் விறாந்தையைப் பலகையால் அடைத்து அந்த டிஸ்பென்சரியைத் தொடங்கினார். மருந்து கலக்க ஓர் அண்ணை. நம்பர் கொடுக்க, பெயர் எழுத, புண் கட்ட நான். அவ்வளவுதான் எங்கள் பட்டாளம். விறாந்தையில் நோயாளிகள் இருக்க இரண்டு நீள வாங்குகள். டொக்டரின் அறைக்கு ஒரு திரைச்சீலை.

சுவரில் டொக்டர் தன் கையால் எழுதித் தொங்கவிட்ட ஓர் அட்டை இருந்தது. வந்த ஒழுங்கில்தான் பார்க்கப்படும். மூச்சுத் திணறல், இரத்தம், பிரசவ நோ என்றால் ஒழுங்கு இல்லை. நோயாளி விரும்பினால் தனியே வந்து கதைக்கலாம். என்ன மருந்து, எதற்கு என்று கேட்கலாம். ஊசி வேண்டாம் என்றால் வேண்டாம் என்று சொல்லலாம். உயிருக்கு ஆபத்து என்றால் வீட்டாருக்குச் சொல்லப்படும், ஆனால் அதை முதலில் நோயாளிக்குச் சொல்லிவிட்டுத்தான். மற்றும்படி உள்ளே கதைத்தது வெளியே போகாது.

சனம் அதை வாசித்துச் சிரித்தது. எங்கள் ஊரில் ஒருவருக்கு வருத்தம் என்றால் நாலு பேர் டொக்டரிடம் போவார்கள். வருத்தக்காரரைத் தவிர மற்ற மூன்று பேரும் கதைப்பார்கள். "ஊசி வேண்டாம் எண்டு சொல்லலாமாம். ஊசி வேணும் எண்டும் சொல்லலாமோ?" என்று கேட்டார் ஒரு கிழவர். தனியே உள்ளே போகச் சொன்னால், "ஏன் பிள்ளை, நாங்கள் என்ன களவாணியளோ?" என்று கோபித்துக்கொண்டு வீட்டுக்குத் திரும்பிய குடும்பங்களும் உண்டு.

அட்டையின் கடைசி வரி எவ்வளவு தூரம் போகும் என்பது எங்களுக்கு விளங்கியது ஒரு கலியாண விசாரிப்பில். வழக்கம் உங்களுக்குத் தெரியும். சாதகம் பொருந்தினால் மட்டும் போதாது. பெண்ணுக்கு இழுப்பு, வலிப்பு, சயரோகம் என்று ஏதும் இருக்கிறதா என்று மாப்பிள்ளை வீட்டார் ஆள் விட்டுப் பார்ப்பார்கள். அதற்கு டிஸ்பென்சரியை விட நல்ல இடம் ஏது? ஒருநாள் குடையோடு ஒருவர் வந்தார். நம்பர் எடுத்தார். இல்லாத இருமலை இரண்டு தரம் இருமினார். பிறகு மருந்து கொடுக்கும் யன்னலடிக்குப் போய் மெதுவாகக் கேட்டார்.

"தம்பி, உந்தக் கோயிலடி வாத்தியாற்றை மூத்த பெட்டை இஞ்சைதான் மருந்தெடுக்கிறவவோ?"

எங்கள் டிஸ்பென்சர் அண்ணை நல்ல மனுசன். ஒரு கலியாணம் கைகூட உதவுவது புண்ணியம் என்று நினைப்பவர். "ஓம், ஓம். ஒரு தடிமன் காய்ச்சலைத் தவிர ஒண்டும் இல்லை ஐயா. தங்கமான பிள்ளை. யோசியாமல் செய்யுங்கோ" என்றார். வந்தவரின் இருமல் அந்த நிமிடமே சுகமாகிவிட்டது. டொக்டரைப் பார்க்காமலே குடையை எடுத்துக்கொண்டு போனார்.

திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் டொக்டருக்கு எல்லாம் கேட்டிருந்தது. நோயாளிகள் முடிந்த பிறகு எங்கள் இருவரையும் கூப்பிட்டார். அவர் சத்தம் போட்டு நான் கண்டதில்லை. கோபம் வந்தால் குரல் இன்னும் தாழும்.

"நீர் நல்லதுதானே சொன்னனீர்?" என்று அண்ணையிடம் கேட்டார்.

"ஓம் டொக்டர். உள்ளதைத்தானே சொன்னனான். அந்தப் பிள்ளைக்கு ஒரு வருத்தமும் இல்லை."

"சரி. அடுத்த மாதம் இன்னொருத்தர் குடையோடை வருவார். அவர் கேக்கிற பிள்ளைக்கு வலிப்பு இருக்கு எண்டு வையும். என்ன சொல்லுவீர்?"

"ஒண்டும் சொல்லமாட்டன். வாயைப் பொத்திக்கொண்டு இருப்பன்."

"முதல் பிள்ளைக்குத் தங்கம் எண்டு சொன்ன வாய், ரெண்டாம் பிள்ளைக்குப் பொத்திக்கொண்டால் அந்த மனுசன் என்ன விளங்கிக்கொண்டு போவார்?"

வருத்தம் இல்லாதவர்களைப் பற்றி நல்லது சொல்லச் சொல்ல, வருத்தம் உள்ளவர்களை நாங்கள் காட்டிக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம் என்று அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது.

அன்றிலிருந்து எல்லோருக்கும் ஒரே பதில்: "இஞ்சை ஆர் வந்தது எண்டு சொல்லுறேல்லை." சுகமான ஆளைப் பற்றிக் கேட்டாலும் அதே. எங்கள் வாசலையே மிதிக்காத ஆளைப் பற்றிக் கேட்டாலும் அதே. "உதென்ன, பெரிய அரசாங்கக் கச்சேரியோ?" என்று நக்கலடித்தார்கள். "சொல்லாட்டி ஏதோ இருக்கு எண்டுதானே அர்த்தம்" என்று சண்டை பிடித்தார்கள். நாங்கள் விடாமல் அதையே சொன்னோம். காலம் போகப் போக அந்தப் பதிலில் தேடுவதற்கு ஒன்றும் இல்லை என்று சனத்துக்கு விளங்கிவிட்டது. குடையோடு வருகிறவர்கள் வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள்.

தாய்மாருக்குச் சொல்வதுதான் கடினம். தனியே வரக்கூடிய வயதில் ஒரு பிள்ளை தனியே வந்து கதைத்துவிட்டுப் போனால், அதைப் பிறகு தாய் வந்து கேட்டாலும் நாங்கள் சொல்வதில்லை. "அம்மா, பிள்ளையிட்டையே கேளுங்கோ. எங்களிட்டை இல்லை" என்பேன். சிலர் அழுதார்கள். ஒருவர் என் மேசையிலே கையால் அடித்தார். நான் எழுந்து தண்ணீர் ஊற்றிக் கொடுப்பேன். பதிலை மாற்றியதில்லை. அந்தப் பதிலைப் பற்றி எனக்குள் ஒரு பெருமையும் இருந்தது. வீட்டில் என் மகனிடம் அதைப் பல தடவை சொல்லியிருக்கிறேன். "எங்கடை டொக்டரிட்டை ஒரு சொல் போனால் அது கிணத்திலை போட்ட கல்லு மாதிரி" என்பேன்.

மகனுக்குப் பதினெட்டு வயது. முகுந்தன். அட்வான்ஸ் லெவல் படித்துக்கொண்டிருந்தான். என் கணவர் கொழும்பில் வேலை. சண்டையால் கொழும்புப் பாதை மூடிய பிறகு அவர் கடிதமாக மட்டும்தான் வீட்டுக்கு வந்தார். வீட்டில் நானும் அவனும்தான். மின்சாரம் இல்லை. ரயில் இல்லை. தண்டவாளத்தைப் பங்கர் குழிகளுக்கு மேல் போடக் கழற்றிவிட, ரயில் பாதை சைக்கிள் பாதையாக இருந்தது. அந்தப் பாதையால் அவன் ரியூட்டரி வகுப்புகளுக்குப் போய்வருவான். அந்த ஆண்டுகளில் அவன் வயதுப் பிள்ளை உள்ள வீடுகளில், வாசல் படலையடியில் சைக்கிள் சத்தம் கேட்கும்வரை தாய்க்கு அரை மூச்சுத்தான். பிள்ளை ஏன் பிந்துகிறான், யாரோடு கதைக்கிறான், ஏன் முகம் மாறியிருக்கிறது என்று பார்த்துக்கொண்டே இருப்போம். காரணம் சொல்லத் தேவையில்லை. ஒரு நாள் காலையில் எழும்பும்போது பிள்ளை இயக்கத்தில் சேரப் போய்விட, பாய் மட்டும் கிடந்த வீடுகள் எங்கள் ஒழுங்கையிலேயே இருந்தன.

அந்த வருடம் முகுந்தனின் முகம் மாறியிருந்தது. சாப்பாடு குறைந்தது. கேட்டதற்குப் பதில் வந்தது. கேட்காமல் ஒரு சொல் வரவில்லை. குண்டு போடும் பொம்மரின் சத்தம் கேட்டால் மற்றப் பிள்ளைகள் வெளியே ஓடி மேலே பார்ப்பார்கள். அவன் அசையாமல் இருப்பான். பரீட்சைப் பயம் என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைக்க விரும்பினேன்.

எனக்கு வியாழக்கிழமை ஓய்வு. பங்கீட்டுச் சாமானுக்குச் சங்கக்கடை வரிசை, விறகு, மா அரைப்பு எல்லாம் அன்றைக்குத்தான். ஒரு வெள்ளிக்கிழமை காலை நான் மேசையில் நம்பர் அட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது வாங்கிலிருந்து றீற்றா அக்கா கூப்பிட்டார். அவர் குருநகர்க்காரி. ஷெல்லடியால் கடற்கரையில் இருக்க முடியாமல் குடும்பத்தோடு கொக்குவிலில் ஒரு பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்தார். கணவரின் காலில் ஆறாத புண். மருந்து கட்ட அவரைக் கூட்டிக்கொண்டு அடிக்கடி வருவார். தொழிலுக்குப் போக முடியாத மனுசனையும், வராத மீனையும், மழைக்கு ஒழுகும் வகுப்பறையையும் பகிடியாக்கி வாங்கு முழுவதையும் சிரிக்க வைப்பார். அவருடைய குரல் கடற்காற்றில் பழகிய குரல். அதற்குத் தாழக் கதைக்கத் தெரியாது.

"மிஸ், உங்கடை மோனுக்கு இப்ப சுகமே?"

"அவனுக்கென்ன அக்கா? நல்லாய்த்தான் இருக்கிறான்."

"இல்லை, நேற்று உதிலைதான் இருந்தவர். தலையைக் குனிஞ்சுகொண்டு. நான் 'எட, மிஸ்ஸின்ரை மோனெல்லே' எண்டு கேட்டனான். பிள்ளை ஒரு சிரிப்பும் இல்லை." என் முகத்தைப் பார்த்ததும் அவர் வாயில் கை வைத்தார். "ஐயோ மாதாவே. உங்களுக்குத் தெரியாதே?"

நான், "தெரியும் அக்கா" என்றேன். என் கையிலிருந்த அட்டைகள் ஒழுங்கு கலைந்து போயின.

அன்று எத்தனை பேருக்கு நம்பர் கொடுத்தேன், எந்தப் புண்ணைக் கட்டினேன் என்று எனக்கு நினைவில்லை. என் ஓய்வு நாளாகப் பார்த்து வந்திருக்கிறான். எனக்குத் தெரியக்கூடாது என்றுதான் வந்திருக்கிறான். வேறு டொக்டரிடம் போகாமல் இங்கே வந்திருக்கிறான், ஏனென்றால் இங்கே சொன்னது வெளியே போகாது என்று அவனுக்குச் சொன்னதே நான்தான். அப்படி என்ன வருத்தம்? வருத்தம்தானா, வேறு ஏதுமா?

மத்தியானம் மருந்து யன்னலடிக்குப் போனேன். "அண்ணை, நேற்று என்ரை மகன் வந்தவனோ?"

அண்ணை ஏற்கெனவே துடைத்து வைத்திருந்த போத்தலை எடுத்து மறுபடியும் துடைத்தார். "தங்கச்சி, உதுக்குப் பதில் உங்களுக்குத் தெரியும். நான் சொன்னால் எனக்கும் நோகும், உங்களுக்கும் நோகும்."

"என்ன மருந்து குடுத்தனீங்கள் எண்டு மட்டும்…"

"தங்கச்சி." அவர் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. "போய் டொக்டரைக் கேளுங்கோ. என்னைக் கேட்டால் நான் சொல்லிப்போடுவன். அதாலைதான் சொல்லுறன், என்னைக் கேக்காதேங்கோ."

இன்னும் ஒரு தரம் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். அவ்வளவு இளகிய மனம். யன்னலுக்கும் எனக்கும் இடையில் ஒரு முழத் தூரம்கூட இல்லை. அந்த இடத்தில் நின்றபடி நான் யோசித்ததை உங்களுக்கு முழுவதும் எழுத முடியாது. பிறகு டொக்டரிடம் போனேன்.

கடைசி நோயாளி போய்விட்டார். டொக்டர் கை கழுவிக்கொண்டிருந்தார்.

"டொக்டர், என்ரை மகன் இஞ்சை வந்தவனோ?"

அவர் துவாயை எடுத்து மெதுவாகத் துடைத்தார். "வந்தவரோ வரேல்லையோ எண்டு நான் சொல்லுறேல்லை. உமக்குத் தெரியும்."

"நான் தாய்."

"ஓம்."

"அவனைப் பெத்து வளர்த்தது நான். நான் என்ன புறத்தியே?"

"இந்தக் கேள்வியிலை புறத்திதான்."

எனக்கு அப்போது வந்த கோபம் அதற்கு முன்னும் பின்னும் வந்ததில்லை. நான் குரல் உயர்த்தினேன். இத்தனை வருசம் உங்களுடைய அட்டைக்காக ஊரோடு சண்டை பிடித்தேனே, அதற்கு இதுவா கைம்மாறு என்று கேட்டேன். அவர் குறுக்கிடவில்லை. நான் ஓய்ந்த பிறகு கதிரையைக் காட்டினார். நான் இருக்கவில்லை.

"அவன் சாகிற வருத்தத்திலை இல்லை எண்டு மட்டும் சொல்லுங்கோ. வேறை ஒண்டும் கேக்கமாட்டன்" என்றேன்.

"உமக்கு அதைச் சொன்னால், நாளைக்கு இன்னொரு தாய்க்குச் சொல்லாமல் விடேக்கை அந்தத் தாய் என்ன விளங்குவா?"

நான் அவர் காட்டிய கதிரையில் இருந்தேன்.

"ஆருக்காவது உயிருக்கு ஆபத்து எண்டால் வீட்டாருக்கு நான் சொல்லுவன். அது எல்லாருக்கும் உள்ள விதி. அந்த விதி இண்டைக்கும் இருக்கு, நாளைக்கும் இருக்கும். அவ்வளவுதான் என்னாலை சொல்லேலும்." பிறகு இன்னும் தாழ்ந்த குரலில் சொன்னார்: "பொதுவாய் ஒண்டு சொல்லுறன். அவன் வயதுப் பெடியள் தனிய ஒரு டொக்டரிட்டை வாறதே பெரிய காரியம். ஒருக்கால் வந்தால் காணாது, திரும்பத் திரும்ப வரவேணும், அப்பத்தான் சுகம் வரும். வீட்டிலை ஆரும் ஒரு சொல் கேட்டால், அதோடை நிண்டுபோகும். நான் இப்பிடி நிண்டுபோனவையளைக் கண்டிருக்கிறன். பேந்து அவையளைக் காணேல்லை."

அவர் எந்தப் பையனையும் பற்றிச் சொல்லவில்லை. ஆனால் எனக்கு வேண்டியது விளங்கியது. என் மகன் திரும்பி வரவேண்டும். என் வாயிலிருந்து ஒரு சொல் வந்தால் அவன் வராமல் போகலாம். வராமல் போனால் எங்கே போவான் என்று எனக்குத் தெரியாது.

அன்று பொழுதுபட, ஜாம் போத்தல் விளக்கை ஏற்றிவைத்து அவனுக்குப் பிட்டும் கத்தரிக்காய்க் கறியும் போட்டேன். அவன் பிட்டைக் குழைத்துக்கொண்டே இருந்தான், வாயில் வைக்கவில்லை.

"அம்மா."

"என்ன மோனை?"

"இண்டைக்கு றீற்றா அக்கா வந்தவவே?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. வாங்கில் அவர் தன்னைக் கண்டுவிட்டார் என்று அவனுக்குத் தெரியும். அவர் வாய் எப்படிப்பட்டது என்றும் தெரியும். எனக்குத் தெரிந்துவிட்டதா என்று பார்க்கிறான்.

பிள்ளைகளே, நெருக்கடியில் தீர்மானம் எடுப்பது என்றால் நீங்கள் இரத்தத்தையும் காயத்தையும் நினைப்பீர்கள். எனக்கு அது ஒரு சாப்பாட்டுக் கோப்பைக்கு முன்னால் வந்தது. "இல்லை, அவ வரேல்லை" என்று பொய் சொல்லலாம். சின்ன ஊர், பொய் வெளிப்படும், அதற்குப் பிறகு என்னை அவன் எதற்கும் நம்பமாட்டான். "ஓம், சொன்னவ. என்ன மோனை உனக்கு?" என்று கேட்கலாம். என் உடம்பு முழுவதும் அதைத்தான் கேட்டது. அவனைப் பிடித்து உலுக்க வேண்டும் போல இருந்தது. அவன் கண் என் முகத்தை விட்டு அசையவில்லை.

"றீற்றா அக்கா வந்தாலும் சரி, ஆர் வந்தாலும் சரி," என்றேன், "வாங்கிலை கதைக்கிறதை நான் வீட்டுக்குக் கொண்டுவாறேல்லை. வீட்டிலை அதைப் பற்றிக் கேக்கிறதும் இல்லை."

வெளியிலிருந்து வருகிறவர்களுக்கு எத்தனையோ தடவை சொன்ன பதில்தான். அதைச் சொல்ல அவ்வளவு மூச்சு தேவைப்படும் என்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

அவன் இன்னும் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தான். எனக்குத் தெரியும் என்று அவனுக்கு விளங்கியதா, இல்லையா, நான் அறியேன். பிறகு குனிந்து சாப்பிடத் தொடங்கினான். கோப்பையில் ஒன்றும் மிச்சம் வைக்கவில்லை.

அதற்குப் பிறகு வந்த கிழமைகளை நான் எப்படிக் கடந்தேன் என்று கேட்காதீர்கள். அவனுடைய புத்தகப் பையைத் திறக்கவில்லை. உடுப்புத் தோய்க்க எடுக்கும்போது, "உன்ரை காற்சட்டைப் பொக்கற்றை நீயே பார்த்துப்போட்டுத் தா" என்று சொல்லப் பழகினேன். அவன் ஒரு நாள் ஒரு சின்னக் கடதாசிப் பொட்டலத்தை எடுத்துக் கைக்குள் மூடிக்கொண்டு காற்சட்டையைத் தந்தான். எங்கள் டிஸ்பென்சரியின் மடிப்பு. எந்த இருட்டிலும் அது எனக்குத் தெரியும். நான் கிணற்றடிக்குப் போய்த் தண்ணீர் அள்ளத் தொடங்கினேன். வியாழக்கிழமைகளில் டிஸ்பென்சரி இருந்த ஒழுங்கைப் பக்கம் தலை வைத்தும் படுக்கவில்லை. சங்கக்கடைக்கும் சுற்றிக்கொண்டுதான் போனேன்.

அது என்ன வருத்தம் என்று உங்களில் சிலர் வாசித்துக்கொண்டே யோசிப்பீர்கள். எனக்கு இன்றும் தெரியாது. அவன் இப்போது கொழும்பில் தகப்பனோடு இருந்து படிக்கிறான். சுகமாக இருக்கிறேன் என்று எழுதுகிறான். நான் அந்த ஒரு சொல்லைத் திரும்பத் திரும்ப வாசிக்கிறேன். கேட்கவில்லை. தாய் பிள்ளையிடம் கேட்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. உங்கள் வீட்டில் நீங்கள் கேளுங்கள். ஆனால் நீங்கள் டிஸ்பென்சரியிலும் வேலை செய்கிறவர்கள் என்றால், வாங்கில் கேட்டதை வைத்துக்கொண்டு வீட்டில் கேட்காதீர்கள். அது நோயாளி உங்களுக்குத் தந்தது அல்ல.

இனி நான் சொல்ல வந்த நாளுக்கு வருகிறேன். மழைக்குப் பிறகு ஊரெல்லாம் காய்ச்சல் பரவிய மாதம். ஒரு வியாழக்கிழமை காலை டொக்டர் தானே சைக்கிளில் எங்கள் படலைக்கு வந்தார். டிஸ்பென்சர் அண்ணைக்கும் காய்ச்சல்; எழும்ப முடியவில்லை. விறாந்தை நிரம்பி வழிகிறது.

"டொக்டர், இண்டைக்கு வியாழக்கிழமை" என்றேன்.

"தெரியும்."

"வேறை ஆரும் இல்லையே?"

"இல்லை."

முகுந்தன் விடியவே ரியூட்டரிக்குப் போயிருந்தான். அங்கிருந்து நேராக டிஸ்பென்சரிக்கு வருவானோ என்னவோ. வந்து என்னைக் கண்டால் திரும்பிப் போவான். அடுத்த வியாழனும் வரமாட்டான். என் ஒரு பிள்ளைக்காக அங்கே காய்ச்சலோடு இருக்கிற பிள்ளைகளை விட முடியுமா? விடலாம் என்றுதான் ஒரு கணம் நினைத்தேன். படலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். டொக்டர் வாரும் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. பிறகு நான் சேலையை மாற்றிக்கொண்டு வந்தேன்.

வாங்குகள் நிறைந்து நிலத்திலும் ஆட்கள் இருந்தார்கள். நான் மேசைக்கும் மருந்து யன்னலுக்குமாக ஓடிக்கொண்டிருந்தேன். றீற்றா அக்கா ஒரு கையால் கணவரையும் மறு கையால் யாரோ ஒரு குழந்தையையும் பிடித்துக்கொண்டு, ஒழுங்கை மீறப் பார்த்தவர்களை அதட்டிக்கொண்டிருந்தார். "எழும்பாதை அண்ணை, உன்ரை காய்ச்சல் ஓடிப்போகாது!"

வெயில் ஏறத் தொடங்கிய நேரம் நான் தலை நிமிர்ந்தபோது அவன் படலையடியில் நின்றான். சைக்கிளை ஒரு கையால் பிடித்தபடி. என்னைக் கண்டுவிட்டான். சைக்கிளின் முன் சில்லு அரைவாசி திரும்பியிருந்தது.

"மோனை" என்று கூப்பிட வாய் எடுத்தேன். எடுத்த வாயை மூடினேன். அவனைப் பார்க்காமல், எனக்கு முன்னால் நின்றவரைப் பார்த்து, "பேர்?" என்று கேட்டேன். எழுதினேன். அடுத்தவரைக் கேட்டேன். எழுதினேன். நிமிரவில்லை. சைக்கிளை மதிலில் சாய்க்கும் சத்தத்துக்காக என் காது முழுவதும் திறந்திருந்தது. அது கேட்டதா, நான்தான் அப்படி நினைத்தேனா என்று தெரியவில்லை. இன்னும் ஒருவருக்கு எழுதினேன்.

பிறகு மேசைக்கு முன்னால் நான் தோய்த்துக் கொடுத்த அவனுடைய சேட்டு நின்றது.

"பேர்?" என்றேன்.

கொஞ்சம் பிந்தித்தான் பதில் வந்தது. "முகுந்தன்."

"வயது?"

"பதினெட்டு."

"கடவுளே!" என்று வாங்கிலிருந்து றீற்றா அக்காவின் குரல். "பெத்த தாய் மோனின்ரை பேரைக் கேக்கிறா! வைச்சதே நீங்கள்தானே மிஸ்!"

விறாந்தை முழுவதும் சிரித்தது. காய்ச்சல்காரரும் சிரித்தார்கள். நான் நிமிர்ந்து பார்த்தேன். அவன் சிரிக்கவில்லை. ஆனால் முகத்தில் ஏதோ தளர்ந்திருந்தது. நான் நம்பர் அட்டையை நீட்டினேன். வாங்கினான்.

"இருங்கோ. கூப்பிடுவன்" என்றேன். அவனை அதற்கு முன் நான் 'நீங்கள்' என்று சொன்னதே இல்லை.

அவனுடைய முறை வந்தபோது, மற்ற எல்லோருக்கும் சொல்வதைச் சொன்னேன். "உள்ளை போங்கோ. தனியக் கதைக்கலாம்." அவன் திரைச்சீலையை விலக்கிக்கொண்டு உள்ளே போனான். சீலை ஆடி நின்றது. டொக்டரின் கதிரை உரசும் சத்தம். பிறகு என் மகனின் குரல். என்னோடு மாதக்கணக்காகக் கதைக்காத அளவு நீளமாக, நிறுத்தாமல். சொற்கள் கேட்குமுன் நான் மேசையை இழுத்துக்கொண்டு விறாந்தையின் மறு கோடிக்குப் போனேன். சனம் வழி விட்டது.

அங்கே நின்று, மேசையிலிருந்த மருந்துகளைக் கொடுக்க அடுத்த நம்பரைக் கூப்பிட வாயைத் திறந்தேன். குரல் வரவில்லை. மறுபடியும் திறந்தேன். வரவில்லை. எல்லோரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

றீற்றா அக்கா எழுந்து வந்தார். என் கையிலிருந்த அட்டையை வாங்கிப் பார்த்தார். "ஆர் அடுத்தது? எழும்பி நில்லுங்கோ, மிஸ்ஸுக்குத் தொண்டை அடைச்சுப்போச்சு" என்று விறாந்தை அதிரக் கூப்பிட்டார். திரைச்சீலை அசைந்து அவன் வெளியே வரும்வரை ஒவ்வொரு நம்பரையும் அவரே கூப்பிட்டார். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை.